டாங்கியை நிறுத்தியிருக்குமா? இங்கிலாந்துச் சந்தையூர்களின் 1940 அரண்கள்

1940 கோடையில் இங்கிலாந்தின் ஆற்றங்கரைகளிலும் பாலத் தலைப்புகளிலும் சந்தையூர்களின் நுழைவுகளிலும் அவசர அவசரமாகக் கான்கிரீட் கொட்டப்பட்டது. ஜெர்மன் டாங்கிகள் கரையேறினால் அவற்றை நிறுத்துவது நோக்கம். டாங்கிகள் வரவில்லை. வந்திருந்தால் நின்றிருக்குமா என்ற கேள்வி மட்டும் நின்றுவிட்டது. கான்கிரீட் காய்வதற்கு முன்பே ராணுவத் தலைமைக்குள் இதுபற்றிக் கருத்து மோதல் தொடங்கியது. பின்னர் தளபதிகள் தங்கள் நினைவுக் குறிப்புகளில் அதைத் தொடர்ந்தார்கள். அவர்களுக்குப் பிறகு ராணுவ வரலாற்றாசிரியர்கள், போர் விளையாட்டு வல்லுநர்கள், கடைசியாகத் தொல்லியலாளர்கள் என ஆளாளுக்கு ஒரு விடை சொல்லியிருக்கிறார்கள்.

இந்த விடைகளில் பெரும்பாலானவை வயல்வெளியில் நீளும் தடுப்புக் கோடுகளைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. ஆனால் 1940 இறுதியிலிருந்து பாதுகாப்புத் திட்டத்தின் எடை கோட்டிலிருந்து ஊருக்கு, குறிப்பாகச் சாலைகள் கூடும் சிறு நகரங்களுக்கு, நகர்ந்துவிட்டது. அந்த ஊர்களுக்குள் எஞ்சியிருப்பதோ மிகக் குறைவு. எது அழியாமல் நிற்கிறதோ அதை வைத்தே மொத்தத் திட்டத்தையும் எடைபோடும் பழக்கம் இந்த விவாதத்தை ஓரளவு திசைதிருப்பியிருக்கிறது என்று கருத இடமுண்டு.

சந்தை கூடுமிடம்

இங்கிலாந்தின் பழைய சந்தையூர் பெரும்பாலும் ஓர் ஆற்றுத்துறையில் அல்லது பாலத்தடியில் அமைந்தது. நான்கு திசைச் சாலைகளும் அங்கே வந்து சேரும். கம்பளி, தானியம், மாடு எல்லாம் அந்தப் பாலத்தைக் கடந்தே சந்தைக்கு வரவேண்டும். ஊர் பிழைத்ததற்கு எது காரணமோ அதுவே 1940இல் அதை ஆபத்தான இடமாக்கியது. டாங்கி வயலில் ஓடும். ஆனால் அதற்குப் பின்னால் வரும் எரிபொருள் லாரிகளும் காலாட்படை வண்டிகளும் சாலையை விட்டு அதிக தூரம் விலக முடியாது. அந்த ஆண்டு மே 10 அன்று தாக்குதலைத் தொடங்கிய ஜெர்மன் கவசப்படை மே 20 அன்று ஆங்கிலக் கால்வாய்க் கரையைத் தொட்டுவிட்டது. பத்து நாளில் வடக்கு பிரான்சை ஊடறுத்த அந்த வேகம் சாலையும் பாலமும் கையில் கிடைத்ததால் வந்த வேகம்.

சரேயில் வே ஆற்றின் மேல் ஃபார்னம், டோர்செட்டில் இரு ஆறுகளுக்கு நடுவே வேர்ஹாம், டெவனில் ஆக்ஸ் ஆற்றங்கரையில் கம்பளங்களுக்குப் பேர்போன ஆக்ஸ்மின்ஸ்டர், சாமர்செட்டில் சார்ட், பெர்க்‌ஷயரில் கென்னட்–ஏவன் கால்வாயை ஒட்டிய ஹங்கர்ஃபோர்ட். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தடுப்புக் கோட்டின் மீதோ தற்காப்பு வட்டத்துக்குள்ளோ வந்தன. தேர்ந்தெடுத்தவர்கள் படைப் பொறியாளர்கள் என்றாலும், வேலையில் பாதியைச் சந்தை வணிகமும் நிலவமைப்பும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முடித்துவைத்திருந்தன.

ஐயன்சைடின் கோடுகள்

முதல் விடை கட்டியவருடையது. ஜெனரல் எட்மண்ட் ஐயன்சைட் மே 27 அன்று உள்நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். டன்கர்க்கிலிருந்து மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மீண்டார்கள், ஆயுதங்கள் மீளவில்லை. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளில் ஏறத்தாழ 840 பிரான்சிலேயே கைவிடப்பட்டன. உள்நாட்டில் மிஞ்சியவை இருநூறுக்கும் குறைவு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. லாரிகளும் இல்லை. நகரமுடியாத படையை வைத்து நகரும் எதிரியை எப்படி நிறுத்துவது என்பதுதான் ஐயன்சைடின் முன்னிருந்த சிக்கல்.

ஜூன் 25 அன்று அவர் முன்வைத்த திட்டம் அடுக்கடுக்கானது. கடற்கரையில் மெல்லிய மேலோடு. அதற்குப் பின்னால் ஆறு, கால்வாய், ரயில் கரை ஆகியவற்றைப் பின்பற்றும் தடுப்புக் கோடுகள். எல்லாவற்றுக்கும் பின்னால் லண்டனையும் நடுநாட்டுத் தொழில் நகரங்களையும் காக்கும் தலைமையகக் கோடு. கடைசியில் ஒரு சிறிய நகரும் சேமப்படை. தலைமையகக் கோடு பிரிஸ்டல் பக்கத்திலிருந்து கிழக்கே ஓடி, லண்டனுக்குத் தெற்கே வளைந்து, எசெக்ஸ், கேம்பிரிட்ஜ் வழியாக வடக்கே யார்க்‌ஷயரை நோக்கிச் சென்றது. ஃபார்னமும் அதையொட்டிய வேவர்லி மடத்தின் இடிபாடுகளும் இதன்மேல்தான் இருக்கின்றன. 1128இல் நிறுவப்பட்ட அந்த மடம் இங்கிலாந்தின் முதல் சிஸ்டர்சியன் மடம். துறவிகள் தனிமை தேடி வந்த ஆற்றுவளைவிலேயே பொறியாளர்கள் துப்பாக்கிக் கண் வைத்த கான்கிரீட் அறைகளையும் டாங்கித் தடைகளையும் நிறுத்தினார்கள்.

ஐயன்சைட் தரப்பின் வாதத்தை நியாயமாகச் சொன்னால், கோடுகள் எதிரியை முறியடிக்க அல்ல, தாமதிக்க. பிரான்சில் நடந்ததுபோல் நாட்டுக்குள் தறிகெட்டு ஓடவிடாமல், ஒவ்வொரு பாலத்திலும் சில மணிநேரம் பிடித்துவைத்தால் சேமப்படை வந்து சேரும். இந்த வாதத்தின் பலவீனம் ஆள்கணக்கில் இருந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளக் கோட்டை முழுவதும் நிரப்பப் படையே கிடையாது. ஊர்க்காவல் படையில் சேர்ந்தவர்கள் அந்தக் கோடையில் ஏறத்தாழ 15 லட்சம். அவர்களிடம் டாங்கியைத் துளைக்கும் ஆயுதம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிட்டத்தட்ட இல்லை.

புரூக்கின் மறுப்பு

எதிர்ப்பு உடனே வந்தது. ஜூன் கடைசி வாரத்திலேயே படைத்துறைத் துணைத் தலைவர்கள் இத்திட்டத்தைக் குறைகூறினர்: முக்கிய எதிர்ப்பை உள்நாட்டுக் கோட்டுக்கு ஒத்திவைத்தால் பாதி நாட்டை எதிரி மிதித்த பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கும். ஜூலை மூன்றாம் வாரத்தில் ஐயன்சைட் மாற்றப்பட்டார். ஜெனரல் ஆலன் புரூக் வந்தார். பிரான்சில் படை நடத்திப் பின்வாங்கி வந்த அனுபவம் அவருக்கு இருந்தது. நிலையான கோடுகளில் அவருக்கு நம்பிக்கையில்லை. கரையேறியவனை உடனே பாய்ந்து அடிக்கும் நகரும் படை வேண்டும் என்றார். போர்க்காலம் முழுக்க அவர் எழுதிய நாட்குறிப்புகள் பின்னாளில் வெளியானபோது இந்தப் பார்வை வரலாற்று நூல்களில் ஆழமாக வேரூன்றியது. ஐயன்சைட் பழைய போரின் ஆள், புரூக் புதிய போரின் ஆள் என்ற சித்திரம் அப்படி வந்ததே.

அதே ஜூலையில் தென்கரையின் ஐந்தாம் படைக்குழுவுக்கு பெர்னார்ட் மாண்ட்கோமரி தளபதியானார். கடற்கரையிலேயே கடைசிவரை நிற்கவேண்டும் என்று எண்ணிய தம் மேலதிகாரி கிளாட் ஆக்கின்லெக்குடன் அவருக்கு ஒத்துப்போகவில்லை. இதை அவரே தம் நினைவுக் குறிப்புகளில் மறைக்காமல் எழுதினார். ஆக்கின்லெக்தான் பின்னர் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியானவர். இருவரின் பகைமையைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவர்கள் பொறுப்பிலிருந்த டோர்செட் ஊர்களின் அரண்களைப் பற்றி எழுதப்படவில்லை என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

புரூக் தரப்பின் வாதம் பலமானது. ஆனால் அது எந்த மாதத்துக்குப் பொருந்தும் என்று கேட்கவேண்டும். ஜூலைத் தொடக்கத்தில் பிரைட்டன் அருகே மாண்ட்கோமரியின் மூன்றாம் டிவிஷனைப் பார்க்க வந்த சர்ச்சிலிடம், நாட்டிலேயே ஓரளவு முழு ஆயுதத்தோடு இருந்த அந்தப் படைக்கு நகர வண்டியில்லை என்று மாண்ட்கோமரி முறையிட்டார். பிறகு பயணிகள் பேருந்துகளைப் பிடித்துத் தந்தார்கள். பேருந்தை எதிர்பார்த்து நின்ற படையை நகரும் சேமப்படை என்று திட்டமிடுவது ஜூனில் சாத்தியமாக இருந்திருக்காது. செப்டம்பரில் நிலைமை வேறு. அந்த வகையில் இரு தளபதிகளும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு மாதங்களில் விடை சொன்னார்கள் எனலாம். இதைக் கவனியாமல் ஒருவரை அறிவிலியாகவும் மற்றவரை மேதையாகவும் காட்டும் நூல்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கோட்டிலிருந்து தீவுக்கு

புரூக் வந்ததும் கட்டுமானம் நின்றுவிடவில்லை, வடிவம் மாறியது. நீளமான கோட்டை விட்டுவிட்டு, சாலைச் சந்திப்புகளாக அமைந்த ஊர்களைச் சுற்றிலும் எல்லாத் திசைக்கும் முகம் காட்டும் தற்காப்பு வட்டங்களை அமைத்தார்கள். முனை இடங்கள், டாங்கித் தீவுகள் என்று அவை குறிக்கப்பட்டன. எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதை வைத்து அவற்றுக்குத் தரம் பிரித்தார்கள். எதிரி ஊரைச் சுற்றிப் போகலாம். ஆனால் சாலை ஊருக்குள்தான் ஓடுகிறது என்பதால் அவனுடைய லாரிகள் தேங்கும்.

இந்த மூன்றாவது நிலைப்பாட்டுக்கு நேரடிச் சான்று இங்கிலாந்தில் கிடையாது. ஒப்புமைச் சான்றுகள் உண்டு. 1940 ஜூன் 5 அன்று சோம் ஆற்றில் தொடங்கிய இரண்டாம் தாக்குதலில், பிரெஞ்சுத் தளபதி ஜெனரல் வேகாங் கிராமங்களையும் தோப்புகளையும் எல்லாப் பக்கமும் முள் நீட்டிய தனித்தனிக் கோட்டைகளாக்கியிருந்தார். அமியான் பக்கத்தில் ஜெர்மன் டாங்கிகள் முதல் இரு நாளும் கணிசமாக அடிவாங்கின. பிறகு கடந்துவிட்டன, காரணம் பின்னால் சேமப்படை இல்லை. 1944 டிசம்பரில் ஏழு சாலைகள் கூடும் பெல்ஜியச் சிற்றூரான பாஸ்டோன், சூழப்பட்ட நிலையிலும் டிசம்பர் 20 முதல் 26 வரை நின்று ஜெர்மன் முன்னேற்றத்தைச் சிக்கவைத்தது. சந்தையூர்த் தத்துவத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. எச்சரிக்கையும் வேண்டும்: பாஸ்டோனைக் காத்தது அமெரிக்காவின் 101ஆம் வான்வழி டிவிஷன், கூடவே பீரங்கிப் படை, டாங்கி அழிப்புப் பிரிவு, கவசப்படையின் ஒரு பகுதி. ஆக்ஸ்மின்ஸ்டரைக் காக்க நியமிக்கப்படக்கூடியவர்களின் கையில் பெட்ரோல் போத்தல்கள் இருந்திருக்கும்.

டோர்செட்டின் வேர்ஹாம் இந்த இடத்தில் தனியாகப் பார்க்கத் தக்கது. வடக்கே பிடில் ஆறு, தெற்கே ஃப்ரூம் ஆறு. தெற்கு நீங்கலாக மூன்று பக்கமும் சாக்சன் காலத்து மண்மதில். 876இல் டேனியப் படை இந்த ஊரைப் பிடித்துக்கொண்டது. ஆல்ஃபிரட் மன்னர் காலத்தில் மதிலோடு கூடிய அரணூர்களின் வரிசையில் வேர்ஹாம் சேர்ந்தது. பத்தாம் நூற்றாண்டுத் தொடக்க அரசப் பட்டியல் ஒன்று வேர்ஹாமுக்கு 1,600 நில அலகுகளை ஒதுக்குகிறது. அலகுக்கு ஓர் ஆள்; ஏறத்தாழ ஐந்து மீட்டர் மதிலுக்கு நான்கு ஆள். கணக்குப் போட்டால் இரண்டாயிரம் மீட்டர் மதிலுக்கு ஆள் வருகிறது. மதிலின் உண்மையான நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவே.

ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுக்குப் பிறகு அதே மதிலின் மேற்குப் பக்கத்தை 1940இல் ராணுவம் செங்குத்தாகச் செதுக்கியது. சரிவாகக் கிடந்த மண்கரையில் டாங்கி ஏறிவிடும். செங்குத்தானால் முகம் முட்டி நிற்கும் அல்லது வயிற்றைக் காட்டும். அதற்கு மேல் புதிதாக எதுவும் தேவைப்படவில்லை. இன்று மேற்கு மதிலின் மேல் நடப்பவர் பார்க்கும் அந்த மிடுக்கான சரிவு ஆல்ஃபிரடுடையது அல்ல, ஐயன்சைட் காலத்தது. பிற்கால அகழாய்வாளர்களுக்கு இது தலைவலியாயிற்று. ஊர்க்காரர்கள் பலர் இதைப் போர்க்கால நினைவுச்சின்னமாக எண்ணுவதே இல்லை. சாக்சன் அரசின் அதிகாரிகள் மதிலுக்கு எத்தனை ஆள் என்று முதலில் கணக்கிட்டார்கள். 1940இல் தடையை முதலில் கட்டிவிட்டு ஆளைப் பிறகு தேடினார்கள். ஐயன்சைட் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் மிக வலுவானது இதுவே என்று தோன்றுகிறது.

கடலும் வானும் போதும் என்போர்

போருக்குப் பிந்தைய ஆய்வுகளில் ஓங்கி நிற்கும் நிலைப்பாடு வேறு: கேள்வியே வீண். ஹிட்லரின் ஜூலை 16 ஆணையை அடுத்து ஜெர்மன் தரைப்படை முதலில் ராம்ஸ்கேட்டிலிருந்து லைம் வளைகுடா வரை அகலமாக இறங்கத் திட்டமிட்டது. ஜெர்மன் கடற்படை அவ்வளவு அகலத்தைக் காக்க முடியாது என்று சொன்னதால் கென்ட், சசெக்ஸ் கரைகளோடு திட்டம் சுருங்கியது. செப்டம்பர் 17 அன்று ஒத்திவைக்கப்பட்டது. பிரிட்டிஷ் விமானப்படை தோற்கவில்லை. கடற்படை அப்படியே இருந்தது. ரைன் ஆற்றுப் படகுகளில் ஏறிக் கால்வாயைக் கடந்து வருபவர்களுக்குச் சாப்பாடும் குண்டும் தொடர்ந்து வந்து சேராது.

1974இல் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் நடந்த புகழ்பெற்ற போர் விளையாட்டு இதற்குச் சான்றாக எப்போதும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஜெர்மன் விமானப்படையின் அடால்ஃப் காலாண்ட், கடற்படையின் ஃபிரீட்ரிக் ரூகே உள்பட இருதரப்பு முன்னாள் அதிகாரிகளும் நடுவர்களாக இருந்தார்கள். முடிவு: முதல் அலை கரையேறியது, கடற்படை பின்வழியை அறுத்ததும் தாக்குதல் சரிந்தது. கவனிக்கவேண்டிய ஒரு விவரம் இதில் உண்டு. கரையேறிய படை உள்நாட்டுத் தடுப்புக் கோடுகளில் தாமதப்பட்டது, அந்த இடைவெளியில் பிரிட்டிஷ் படை திரண்டது என்பதும் அதே விளையாட்டின் முடிவுகளில் ஒன்று. கடற்படை வாதக்காரர்கள் இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அரண் ஆர்வலர்கள் இதை மட்டும் படிக்கிறார்கள். நடுவர்கள் கோடுகளுக்கு எவ்வளவு மதிப்பெண் கொடுத்தார்களோ அவ்வளவே விளைவில் வெளிப்படும் என்பதால், இதை ஆதாரம் என்பதைவிட அனுபவசாலிகளின் கருத்து என்று கொள்வது பாதுகாப்பானது.

மேலும் இந்த நிலைப்பாடு முடிவு தெரிந்த பிறகு பேசுவது. ஜூன் 25 அன்று ஐயன்சைடுக்கு விமானப்போரின் முடிவு தெரியாது. லைம் வளைகுடாத் திட்டம் கைவிடப்படும் என்பதும் தெரியாது. டான்டன் தடுப்புக் கோட்டை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். டெவனின் சீட்டன் கடற்கரையிலிருந்து ஆக்ஸ் ஆற்றின் வழியே ஆக்ஸ்மின்ஸ்டர், சார்ட் ஊர்களைத் தொட்டு, பிரிஸ்டல் கால்வாய் வரை 80 கிலோமீட்டர் அளவுக்குச் செல்லும் இந்தக் கோடு மேற்கைப் பார்த்து நிற்கிறது. டெவனிலும் கார்ன்வாலிலும் இறங்கி நாட்டுக்குள் புகும் எதிரியை எதிர்பார்த்துக் கட்டியது. இன்றைய வாசகனுக்கு அது நடக்காத ஒன்றுக்கான ஏற்பாடு. ஆனால் லைம் ரீஜிஸிலிருந்து ஆக்ஸ்மின்ஸ்டர் பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. ஜூலை மாத ஜெர்மன் வரைபடத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் கட்டியவர்களைக் கேலி செய்யத் தோன்றாது.

மனத்தெம்புக்குக் கட்டியவையா?

இன்னொரு விடை, அரண்கள் எதிரிக்காக அல்ல, சொந்த மக்களுக்காக என்பது. டன்கர்க்குக்குப் பிறகு எல்லோர் கையிலும் ஒரு வேலை கொடுத்து, தெருமுனையில் கண்ணுக்குத் தெரியும்படி கான்கிரீட்டை நிறுத்தினால் பயம் குறையும். 1968 முதல் 1977 வரை பிபிசி ஒளிபரப்பிய ஊர்க்காவல் படை நகைச்சுவைத் தொடர் இந்தப் பார்வைக்கு இனிப்புத் தடவியது: கோமாளித்தனமான முதியவர்கள், பயனற்ற ஆயுதங்கள், நல்ல மனது.

இதை நிரூபிப்பதும் கடினம், மறுப்பதும் கடினம். உருமறைப்புக்குச் செலவழித்த உழைப்பு இதற்கு எதிராக நிற்கிறது என்று மட்டும் சொல்லலாம். மேடை வடிவமைப்பாளர் ஆலிவர் மெஸல் போன்றவர்களை அமர்த்தி, துப்பாக்கி அறைகளை வைக்கோற்போர் போலவும் இடிந்த கோபுரம் போலவும் சாலையோர டீக்கடை போலவும் மாற்றினார்கள். மக்கள் பார்த்துத் தைரியம் பெறுவதற்காகக் கட்டியதை யாரும் இவ்வளவு பாடுபட்டு மறைக்கமாட்டார்கள்.

எஞ்சியவை சொல்வதும் சொல்லாததும்

1990களில் கேள்வியைத் தொல்லியலாளர்கள் கையிலெடுத்தார்கள். ஹென்றி வில்ஸ் 1985இல் வெளியிட்ட துப்பாக்கி அறைகள் பற்றிய நூல் தொடக்கம். பிரிட்டிஷ் தொல்லியல் பேரவை 1995 முதல் 2001 வரை நடத்திய களப் பதிவுத் திட்டத்தில் அறுநூறு பேர் அளவுக்குத் தன்னார்வலர்கள் நாடெங்கும் அலைந்து ஏறத்தாழ 20,000 இடங்களைப் பதிவு செய்தார்கள். தொடர்ந்து வில்லியம் ஃபுட் இங்கிலாந்தில் 67 தற்காப்புப் பகுதிகளைத் தேர்ந்து, தனித்தனி அறைகளாக அல்லாமல் முழு நிலக்காட்சியாக ஆராய்ந்து 2006இல் நூலாக்கினார். இந்தத் துறையில் நடந்த வேலைகளில் இதுவே திருப்புமுனை என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. ஒரு தடை தனியே டாங்கியை நிறுத்துமா என்ற பழைய கேள்வியை ஒதுக்கிவிட்டு, தடை, அதைக் காக்கும் துப்பாக்கி, பின்னாலிருந்த ஆள், ஒன்றையொன்று பார்க்கும் கோணம் எல்லாம் சேர்ந்து என்ன செய்யத் திட்டமிட்டன என்று கேட்க முடிந்தது.

ஆனால் எஞ்சியவற்றை எண்ணத் தொடங்கினால் ஒரு வழுக்கல் காத்திருக்கிறது. பரவலாகக் கையாளப்படும் மதிப்பீட்டின்படி பிரிட்டனில் கட்டப்பட்ட துப்பாக்கி அறைகளும் அதுபோன்ற அரண்களும் ஏறத்தாழ 28,000. எஞ்சியவை 6,500 அளவு. அழிந்தவை குருட்டாம்போக்கில் அழியவில்லை. போக்குவரத்துக்கு இடைஞ்சலானவை, அதாவது ஊருக்குள் இருந்தவை, முதலில் போயின. சாலைத் தடைகளின் கான்கிரீட் தூண்கள் இருட்டடிப்புக் காலத்திலேயே வண்டிகளுக்கு இடையூறாக இருந்ததால் அவற்றில் பலவற்றை விரைவில் இடித்தார்கள். தார்ச்சாலையில் தண்டவாளத் துண்டுகளை நட்டு நிறுத்த வரிசையாகக் குழிகள் வைத்திருந்தார்கள். சாதாரண நாளில் மூடி போட்டு வண்டி ஓடும், அபாயம் வந்தால் மூடியைக் கழற்றித் தண்டவாளத்தைச் செருகவேண்டும். அந்தக் குழிகள்மேல் பலமுறை தார் போட்டாயிற்று. கடைச் சுவர்களில் குடைந்த துப்பாக்கித் துளைகளைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. வெட்டிய டாங்கி அகழிகளை உழவர்கள் மூடிவிட்டார்கள். மிஞ்சியது யாருக்கும் இடைஞ்சலில்லாத ஆற்றோரத்து அறைகளும் வேலியோரத்துக் கான்கிரீட் கட்டைகளும்.

இதன் விளைவு நுட்பமானது. இன்று கள ஆய்வுக்குப் போகிறவர் கண்ணில் படுவது ஐயன்சைடின் கோடு. புரூக் காலத்து ஊர் வட்டம் படுவதில்லை. வெற்று வயலில் தனியாக நிற்கும் அறையைப் பார்த்து, இதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கமாட்டானா என்று கேட்கிறார். கேள்வி நியாயம், ஆனால் அந்த அறைக்கு இருபுறமும் இருந்த முள்கம்பியும் அகழியும் கண்ணிவெடித் திட்டமும் இப்போது இல்லை.

அதிகம் காணப்படும் 24ஆம் வகை அறையை நெருங்கிப் பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் புலப்படும். ஆறு பக்கம், பின்பக்கம் மட்டும் நீளம், அதில் தாழ்வான வாசல். உள்ளே புகுந்த தோட்டா சுவரில் பட்டுத் துள்ளி எல்லோரையும் கொல்லாதிருக்க நடுவில் ஒரு குறுக்குச் சுவர். வெளிச்சுவரில் மர அச்சின் நார் அப்படியே பதிந்திருக்கும். மரம் கிடைக்காத இடத்தில் செங்கல்லையே அச்சாக அடுக்கி உள்ளே கான்கிரீட்டை ஊற்றி, செங்கல்லைப் பிரிக்காமல் விட்டார்கள். முப்பது சென்டிமீட்டர்ச் சுவர் துப்பாக்கித் தோட்டாவைத் தாங்கும். டாங்கிப் பீரங்கியைத் தாங்காது. குண்டு தாங்க வேண்டிய இடத்தில் சுவரை ஒரு மீட்டருக்கு மேல் தடிமனாக்கினார்கள். ஆகவே சுவரை அளந்தாலே அந்த இடத்தில் எந்த எதிரியை எதிர்பார்த்தார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

பல ஊர்களின் பாலத்தருகே இன்னொரு பொருள் கிடக்கும்: இடுப்புயரக் கான்கிரீட் உருளை, உச்சியில் குமிழ்போல் ஓர் எஃகு முளை. எண்பது ஆண்டு மழையிலும் துருப்பிடிக்காத எஃகு. 1941இல் ஊர்க்காவல் படைக்குக் கிடைத்த பிளாக்கர் பம்பார்ட் என்ற குண்டெறி கருவியை அதன்மேல் பொருத்துவார்கள். ஒன்பது கிலோ எடைக் குண்டு. டாங்கியின்மேல் குறி தவறாமல் விழ வேண்டுமானால் நூறு மீட்டருக்குள் நெருங்கவிட வேண்டும். இந்த உருளை முக்கியமான சான்று. 1940 கோடைக்குப் பிறகும், புரூக் கோடுகளைக் கைவிட்ட பிறகும், ஊர் வாசலில் டாங்கியோடு மோதுவது என்ற எண்ணம் ஏட்டளவில் நிற்காமல் ஆயுதம் ஒதுக்கும் அளவுக்கு நீடித்தது என்பதை அது காட்டுகிறது.

கான்கிரீட் எவ்வளவு தாங்கும் என்பதற்கும் ஃபார்னமுக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹாங்க்லி பொதுநிலத்தில், 1943இல் கனடியப் படையினர் ஜெர்மானியரின் அட்லாண்டிக் சுவரைப் போல நூறு மீட்டர் நீளத்தில், மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு மாதிரிச் சுவர் எழுப்பினார்கள். நார்மண்டியில் இறங்குமுன் அதை உடைத்துப் பழக வேண்டும் என்பதற்காக. வெடிவைத்துப் பிளந்த வாய்களும் வளைந்து தொங்கும் கம்பிகளும் இன்றும் தெரிகின்றன. சிலர் இதையும் 1940 அரண் என்றே நினைத்துவிடுகிறார்கள். அந்த உடைப்புகளைக் காட்டி, எந்தக் கான்கிரீட்டும் உடையும், ஆகவே வேயாற்றங்கரைத் தடைகளும் வீண் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அந்தச் சுவரை உடைத்தவர்கள் அதற்கென்றே தயாரித்த வெடிகளோடு, எதிரே யாரும் சுடாத நிலையில் உடைத்தார்கள். 1940இல் கால்வாயைக் கடக்கவிருந்த ஜெர்மன் படையிடம் நீரில் அமிழ்ந்தும் மிதந்தும் வரக்கூடிய டாங்கிகள் 250 அளவுக்கு இருந்தன. 1944இல் நேச நாடுகள் உருவாக்கியதுபோல் தடை உடைப்பதற்கென்றே ஒரு முழு டிவிஷன் இருக்கவில்லை.

இன்னும் தீராதவை

மேற்கண்ட நிலைப்பாடுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஐயன்சைடின் கோடு ஜூன் மாதத்து வறுமைக்கு ஏற்ற திட்டம் என்பதையும், அது நீடிக்கத் தகுந்ததல்ல என்பதையும் ஒருசேர ஏற்கலாம் போலிருக்கிறது. ஊர் வட்டம் அதைவிடச் சிறந்த யோசனை என்பதற்கு அயல்நாட்டு உதாரணங்கள் துணை நிற்கின்றன. அந்த வட்டத்தைக் காக்க இருந்தவர்களின் கையில் போதுமான ஆயுதம் எப்போது சேர்ந்தது என்பதில்தான் உண்மையான சந்தேகம். 1940 செப்டம்பரில் இல்லை. 1942இல் ஓரளவு உண்டு, ஆனால் அப்போது படையெடுப்பு அபாயம் பெரும்பாலும் நீங்கிவிட்டது.

பாலங்கள் பற்றிய கேள்வி அதிகம் தொடப்படாமல் கிடக்கிறது. தகர்க்கத் தயாராக வெடியறை வைத்த பாலங்கள் பல. தகர்த்தால் எதிரிக்கும் வழியில்லை, எதிர்த்தாக்குதலுக்கு வரும் சொந்தச் சேமப்படைக்கும் வழியில்லை. புரூக்கின் நகரும் படைக்குப் பாலம் வேண்டும். ஐயன்சைடின் கோட்டுக்கு அது வேண்டாம். இரண்டு கொள்கையும் அடுத்தடுத்துப் பூசப்பட்ட ஓர் ஊரில், ஆணை கொடுக்கவேண்டிய அதிகாரி எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்? ஊர்வாரியாக விடை மாறக்கூடும்.

பாதுகாப்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. 1979ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின்கீழ் சில தடைகள் பட்டியலில் ஏறின. பெரும்பாலானவை நில உரிமையாளரின் பொறுமையை நம்பி நிற்கின்றன. எதைக் காப்பது என்பதில் இதுவரை நன்கு எஞ்சியவைக்கே முன்னுரிமை. அப்படியே போனால் ஆற்றோர அறைகள் பெருகும், ஊர்த்தடைகளின் அற்பமான எச்சங்கள் கணக்கில் வராமல் மறையும். அறைகளுக்கு வேறு குடியிருப்பாளர்களும் வந்துவிட்டார்கள்: குளிர்காலத்தில் வௌவால்கள். அவற்றின் உறைவிடத்தைக் குலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதால், தொல்பொருளாகத் தப்பாத சில அறைகள் வௌவால் வீடாகத் தப்புகின்றன.

டாங்கி நின்றிருக்குமா என்பதற்கு முடிவான விடை இனி வரப்போவதில்லை. சந்தையூருக்குள் எந்தத் தெருவில் எந்தச் சுவரில் யார் நிற்பதாகத் திட்டம் இருந்தது என்பதற்கு வரலாம். கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்நாட்டுப் படைப்பிரிவுகளின் போர்க்கால நாட்குறிப்புகள் கிடக்கின்றன. 1940களின் வான்படங்களும் கிடைக்கின்றன. ஒரு சில பகுதிகளுக்கே இரண்டையும் அருகருகே வைத்துத் தெருவாரியாகப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். கடைச் சுவரில் நிறம் மாறிய ஒரு செங்கல் திட்டு அடைத்த துப்பாக்கித் துளையா, பழைய ஜன்னலா என்பதை வெளியே நின்று பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அந்த ஊரின் தற்காப்புத் திட்டம் கோப்புக்குள் அகப்பட்டால் முடியும்.